"கொள்ளளவைத் திருப்பித் தரும்" – அவ்வளவுதானா?

ஒரு கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் "சொத்து: 40" என்று மட்டும் எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? 40 என்றால் என்ன? ரூபாயா, லட்சமா, கோடியா? எந்தத் தேதியில் உள்ள இருப்பு? அடமானத்தில் இருக்கிறதா, இல்லையா? பி.காம் முதல் வருஷ மாணவர் இப்படி எழுதினால் பேப்பர் திருத்துகிறவர் ஒரு பெரிய சுழி போட்டுவிட்டு அடுத்த பேப்பரை எடுத்துவிடுவார்.

இதே காரியத்தை மென்பொருள் எழுதுகிறவர்கள் செய்தால் அதற்கு மரியாதையாக ஒரு பெயர் இருக்கிறது. "டூல் டிஸ்கிரிப்ஷன்".

பேக்கப் வைத்திருக்கும் இடத்தில் எவ்வளவு காலி என்று ஏஐ ஏஜென்ட் தானே பார்த்துக்கொள்வதற்காக ஒரு டூல் எழுதுகிறார்கள். நிரலை நன்றாகவே எழுதியிருப்பார்கள், சோதித்தும் இருப்பார்கள். கடைசியில் "விளக்கம்" என்று ஒரு கட்டம் காலியாக நிற்கும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதில் ஐந்து வார்த்தை: "பேக்கப் ஸ்டோரேஜ் கொள்ளளவைத் திருப்பித் தரும்." வேலை முடிந்தது!

முடியவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, ஏஜென்ட் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும் சாட்பாட் வேறு, ஏஜென்ட் வேறு. கொடுத்த வேலையை முடிக்க எந்த டூலை எப்போது கூப்பிடுவது என்று ஏஜென்ட் தானே தீர்மானிக்கும். வந்த விடையைப் படிக்கும். அதை வைத்து அடுத்த அடியை எடுத்து வைக்கும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்ற பொது ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு டூலைப் பற்றி ஏஜென்டுக்குப் போய்ச் சேர்வது முக்கியமாக மூன்று சங்கதிகள்: டூலின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன உள்ளீடு தரவேண்டும் என்ற பட்டியல். டூலுக்கு உள்ளே ஓடும் நிரல் அதன் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு கடையில் புதிதாகச் சேர்ந்த கணக்குப்பிள்ளைக்கு நோட்டில் ஏதாவது புரியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனைக் கேட்பார். "அந்த நம்பரை நம்பாதேப்பா, அது போன வாரத்துது" என்று பதில் வரும். ஏஜென்டுக்குப் பக்கத்தில் அண்ணன் யாரும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அதற்குத் துணை அந்த ஐந்து வார்த்தைதான். மனிதர்களுக்கு எழுதிய கையேடு மோசமாக இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஏஜென்டுக்கு எழுதிய விளக்கம் மோசமாக இருந்தால் டூலே மோசம் என்றுதான் அர்த்தம்.

அப்படி அந்த ஐந்து வார்த்தையில் என்னதான் குறைகிறது?

முதலில் அலகு. ஒரு டெராபைட் என்பது டிஸ்க் விற்கிறவர் கணக்கில் ஒரு லட்சம் கோடி பைட். கணினி பல இடங்களில் இரண்டின் அடுக்கில் கணக்குப் போடும். அதற்கு டெபிபைட் என்று தனிப் பெயரே உண்டு. 100 டெராபைட் அந்தக் கணக்கில் சுமார் 91தான். "100" என்று டூல் சொல்லி, எந்த 100 என்று சொல்லாமல் விட்டால் ஒன்பது காணாமல் போய்விடும். இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்தில் தொலைந்துபோன நாசாவின் விண்கலத்தை நினைத்துக்கொள்ளலாம். தரையில் இருந்த ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்ணைக் கொடுத்தது. வாங்கிய பக்கம் அதை நியூட்டன் கணக்கு என்று நினைத்தது. எண்ணில் தப்பு இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் எழுதவேண்டியதை யாரும் சரிபார்க்கவில்லை.

இரண்டாவது தேதி. எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் தலையில் "இன்ன தேதியன்று" என்று இருக்கும். காலி இடம் என்ற எண்ணுக்கும் அது வேண்டாமா? பல சேமிப்புக் கருவிகள் கேட்டவுடன் புதிதாக அளப்பதில்லை. சற்று முன்னால் அளந்து வைத்ததை எடுத்து நீட்டும். நேற்றைய பேக்கப் ஓடுவதற்கு முன்னால் அளந்ததா, ஓடிய பின்னால் அளந்ததா? விடையில் நேரம் இல்லாவிட்டால் ஏஜென்டுக்கு அது இந்த நிமிஷத்து உண்மை.

மூன்றாவது, எந்த "காலி"? ஒரே மாதிரியான தரவை இரண்டு முறை வைக்காமல் ஒரே பிரதியாக வைத்துக்கொள்ளும் நுட்பம் உண்டு. சுருக்கி வைக்கும் நுட்பமும் உண்டு. பத்து டெராபைட் தரவு டிஸ்கில் உண்மையில் அதைவிட மிகக் குறைவான இடத்தையே பிடிக்கலாம். டூல் சொல்வது சுருக்குவதற்கு முன்னாலுள்ள அளவா, பின்னாலுள்ளதா? லினக்ஸில் இஎக்ஸ்டி4 வகை டிஸ்க் என்றால் வழக்கமான அமைப்பில் ஐந்து சதவீதம் ரூட் பயனருக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அது காலிதான், ஆனால் எல்லோருக்கும் காலி இல்லை. கிளவுட் சேமிப்பு என்றால் கதையே வேறு. அங்கே இடத்துக்குப் பஞ்சமே இல்லை, மாசக் கடைசியில் வரும் பில்தான் கொள்ளளவு :-)

நான்காவது, எந்த டிஸ்க்? இது கொஞ்சம் பயங்கரமானது. லினக்ஸ் கணினியில் பேக்கப் டிஸ்கை ஒரு ஃபோல்டரில் இணைத்து வைத்திருப்பார்கள். ஏதோ காரணத்தால் அந்த டிஸ்க் இணையவில்லை என்று வையுங்கள். அந்த ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும், ஆனால் இப்போது அது முதன்மை டிஸ்கின் ஒரு பகுதி. "இங்கே எவ்வளவு காலி?" என்று கேட்டால் கணினி முதன்மை டிஸ்கின் காலி இடத்தைச் சொல்லும். எண் அழகாக வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. பேக்கப்பும் அசலும் ஒரே டிஸ்கில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் புத்தகத்தில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் கடைசியில் ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகள் நின்றுபோயின. ஹேக்கர்கள் கைவரிசையோ என்று பேச்சு எழுந்தது. கம்பெனி பிறகு கொடுத்த விளக்கம் வேறு: பாகங்களுக்கான ஆர்டரைக் கையாளும் சர்வர்களில் ஆகஸ்ட் 27-இல் பராமரிப்பு வேலை நடந்தபோது டிஸ்கில் இடம் போதாமல் சிஸ்டம் நின்றுவிட்டது. மாற்று சர்வருக்குப் போகலாம் என்றால் அதுவும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அங்கேயும் அதே கோளாறு. கடைசியில் அதிக இடமுள்ள வேறு சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. கார் தயாரிப்பில் உலகத்துக்கே பாடம் எடுத்த கம்பெனி அது. அவ்வளவு பெரிய இடத்திலேயே "இடம் எவ்வளவு, மாற்று எங்கே" என்ற கேள்வி இப்படிக் கவிழ்த்தது.

இனி இந்தப் பதிவின் மையமான விஷயம். இடம் குறைந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். இடம் நிறையக் காலியாக இருந்தால்?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிச்சம். பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அமேசான் கிளவுடில் பேக்கப் வைக்கும் பெட்டி காலி! பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாமல் பேக்கப் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோல்வி என்று சொல்ல வந்த மின்னஞ்சல்களும் கையொப்பப் பிரச்சினையால் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் தற்செயலாக எடுத்து வைத்திருந்த பிரதி ஒன்றுதான் கம்பெனியைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அன்று அந்தப் பெட்டியை ஒரு ஏஜென்ட் நமது ஐந்து வார்த்தை டூலை வைத்துப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? "பயன்பாடு பூஜ்யம். இடம் தாராளம். கவலை வேண்டாம்." சொன்னதில் ஒரு எண்கூடத் தப்பாக இருந்திருக்காது.

கடையில் சரக்குக் கிடங்கு காலியாக இருக்கிறது என்று முதலாளி சந்தோஷப்படுவாரா? எல்லாம் விற்றுப்போனதா, சரக்கே வரவில்லையா, திருட்டுப் போனதா என்று பதறமாட்டாரா? கொள்ளளவு என்பது கிடங்கின் அளவு. அதற்குள் சரக்கு இருக்கிறதா, இருக்கும் சரக்கு கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்பது வேறு கணக்கு. இந்த ஒரு விஷயத்தை டூலின் விளக்கத்தில் எழுதாமல் விடுவது மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாத குற்றம்.

இப்போது வழக்கமான சப்பைக்கட்டுகளுக்கு வரலாம்.

"மாடல்தான் புத்திசாலியாயிற்றே, அதுவே புரிந்துகொள்ளும்." புத்திசாலித்தனம் வேறு, தகவல் வேறு. ஐன்ஸ்டீனைக் கூட்டிக்கொண்டு வந்து "சொத்து: 40" என்று காட்டினாலும் அது லட்சமா கோடியா என்று அவரால் சொல்ல முடியாது. சாதாரண மனிதர் திருதிருவென்று முழிப்பார், மாடலோ தெரியாததையும் தெரிந்தது மாதிரி சொல்லிவிடும். 2025 ஜூலையில் ரெப்லிட் தளத்தின் ஏஐ ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒருவரின் தரவுத்தளத்தை அழித்தது. அதோடு, பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை என்றும் சொன்னது. அவர் முயன்று பார்த்தபோது திரும்ப முடிந்தது! தன்னிடம் மீட்கும் வசதி உண்டா இல்லையா என்பதே தெரியாத ஒன்று அவ்வளவு உறுதியாகப் பேசியது. அதை நம்பி அவர் முயலாமலே விட்டிருந்தால்?

"இது படிக்க மட்டும் செய்கிற டூல்தானே, இதனால் என்ன கெட்டுவிடும்?" எம்சிபியில் "படிக்க மட்டும்" என்று டூலுக்கு ஒரு அடையாளம் போட வழி இருக்கிறது. அது வெறும் குறிப்புதான், அதை அப்படியே நம்ப வேண்டாம் என்று அந்த ஏற்பாடே சொல்கிறது. அதைவிட முக்கியம், படித்த எண் அங்கேயே நிற்காது என்பது. "இடம் குறைவு" என்று படித்த ஏஜென்ட் அடுத்து "பழைய பேக்கப்பை அழி" என்ற டூலைத் தேடும். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் ஏற்பாட்டில் பழைய பதிவுக் கோப்புகளை மட்டும் துடைக்க வேண்டிய ஒரு நிரல், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றப்பட்டதால் தடுமாறி ஆராய்ச்சிக் கோப்புகளைத் துடைத்துவிட்டது. 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். பாதிக்கப்பட்டவை 14 ஆராய்ச்சிக் குழுக்கள். நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. அங்கே ஏஜென்ட் எதுவும் இல்லை. சுத்தம் செய்யப் போன நிரல் ஒன்றே போதுமானதாக இருந்தது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கவேண்டும். இந்தியாவில் கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128-ஆம் பிரிவுப்படி ஒரு கம்பெனி எட்டு நிதியாண்டுக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். மின்னணுக் கணக்கென்றால் அதன் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி வைக்கப்படவேண்டும் என்று 2022-இல் விதியையே திருத்தினார்கள். ஜிஎஸ்டி கணக்குகளுக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம். "ஏழு வருஷப் பழசு, யாரும் திறந்து பார்க்கவில்லை, இடத்தை அடைக்கிறது" என்று ஏஜென்ட் ஒரு ஃபோல்டரைத் தூக்கினால் அந்த நிரலை யாரும் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது கம்பெனியும் அதன் பொறுப்பாளர்களும்தான்.

"விளக்கம் நீளமானால் டோக்கன் செலவு." இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. விளக்கம் ஒவ்வொரு முறையும் மாடலுக்குப் போகிறது, அதற்குக் காசு ஆகிறது. இரண்டு பக்கத்துக்கு ஜல்லியடித்தால் முக்கியமான வரி அதில் புதைந்தும் போகும். ஆனால் தேவைப்படுவது ஒரு பத்தி. அந்தப் பத்தியின் செலவையும் ஒரு நாள் கடை மூடிக் கிடப்பதன் செலவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்க அடக்கவிலைக் கணக்கியல் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியிருக்கத் தேவையில்லை.

"விளக்கத்தை ஏஐயே எழுதிவிடுமே?" எழுதும், அழகாகவே எழுதும். நிரலைப் படித்து அது என்ன செய்கிறது என்று சொல்லும். பேக்கப் டிஸ்க்கும் அசல் சர்வரும் ஒரே கட்டடத்தில் இருப்பதும், வெள்ளிக்கிழமை இரவு அளவு எப்போதும் பொய் சொல்லும் என்பதும் நிரலில் இருக்காது. அது அங்கே வேலை பார்க்கிறவரின் தலையில் இருக்கிறது. அவர் எழுதாவிட்டால் அந்த ஐந்து வார்த்தையே ஐம்பது வார்த்தையாகப் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு வரும். அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. எண் சரியாக இருந்தும் யாரும் எதுவும் செய்யாமல் போவதும் உண்டு. தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்துபோனது. 858 டெராபைட். வெளியே பேக்கப் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு வந்த காரணம்: அது கொள்ளளவு மிகப் பெரிய சேமிப்பகம், அதனால் வெளியே பேக்கப் எடுக்க முடியவில்லை! அளவு தெரிந்திருந்தது. அளவே சாக்காகவும் ஆனது. ஆகவே "இந்த எண் வந்தால் யாரிடம் சொல்வது" என்பதும் விளக்கத்தில் இருக்கவேண்டும்.

குறை மட்டும் சொன்னால் போதாது. ஒழுங்கான விளக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"பேக்கப் சேமிப்பகத்தின் மொத்த இடம், பயன்பட்ட இடம், காலி இடம் மூன்றையும் தரும். எல்லாம் பைட்டில். காலி இடம் என்பது டிஸ்கில் உண்மையில் எழுதக்கூடிய இடம். அளந்த நேரம் விடையிலேயே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதென்றால் அதை வைத்து முடிவெடுக்காதே. பேக்கப் டிஸ்க் இணைந்திருக்கிறதா என்பது தனியாக வரும். அளக்க முடியாவிட்டால் பிழை என்று சொல்லும், பூஜ்யம் தராது. அழிக்கக்கூடாதென்று பூட்டிய பேக்கப்புகளின் அளவு தனி எண். பேக்கப் வெற்றியா, மீட்க முடியுமா என்பதை இந்த டூல் சொல்லாது. காலி இடம் திடீரென்று கூடினாலும் குறைந்தாலும் பொறுப்பாளருக்குத் தெரிவி. இந்த விடையை மட்டும் வைத்து எதையும் அழிக்காதே."

இவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடலாம். விளக்கத்தில் எழுதிவிட்டாலே ஏஜென்ட் தப்பே செய்யாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அழிக்கும் அதிகாரத்தை அதன் கையில் கொடுக்காமல் இருப்பது வேறு பூட்டு, அதையும் போடத்தான் வேண்டும். ஆனால் எழுதாமலே விட்டுவிட்டு, பிறகு "ஏஐ சொதப்பிவிட்டது" என்று கையைக் காட்டுகிறார்களே, அதுதான் டுபாக்கூர் வேலை.

கணக்குப் புத்தகத்தில் வங்கி இருப்பு ஒன்று சொல்லும், பாஸ்புக் வேறொன்று சொல்லும். இரண்டில் எதுவும் பொய் இல்லை. அதனால்தான் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று ஒன்றை பிளஸ் ஒன்னிலேயே சொல்லிக்கொடுத்து உயிரை வாங்குகிறார்கள். எண்ணை எழுதினால் போதாது, அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்றும் எழுது என்பதுதான் அந்தப் பாடம். பதினாறு வயசுப் பிள்ளையிடம் கேட்கிற இந்த ஒழுங்கை லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவர்களிடம் கேட்டால் தப்பா?